ஸ்கூபா முடித்த அன்றே கொடைக்கானலுக்கு ஏற்றிவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள்: ஓர் எச்சரிக்கை

கொடைக்கானலில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் புதுச்சேரி ஸ்கூபா (காற்றுக் குடுவையுடன் கடலுக்குள் மூழ்குதல்) பயணத்துக்குப் பணம் கட்டிய எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை, மலையில் குடியிருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். காலையில் இரண்டு முறை கடலுக்குள் இறங்கிய என் சித்தப்பா மகனை அன்று பிற்பகலிலேயே வேனில் ஏற்றி, இரவோடு இரவாக வத்தலக்குண்டு வழியாக மலைக்குக் கொண்டுவந்தார்கள். பெருமாள்மலையைத் தாண்டும்போது அவனுக்குத் தோள்பட்டையிலும் முழங்கையிலும் குடைச்சல் தொடங்கியது. கையை எப்படி வைத்தாலும் வலி குறையவில்லை, விரல்கள் மரத்துப்போயின. ஓட்டுநர் சுளுக்கு என்று சொல்லித் தைலம் கொடுத்தார். நல்லவேளையாக, இரவுப் பணியில் இருந்த மருத்துவர் கடலில் மூழ்கிய விவரத்தைக் கேட்டறிந்து, உடனே ஆக்சிஜன் வைத்து, அழுத்த அறைச் சிகிச்சை (காற்றழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுப்பது) உள்ள மருத்துவமனைக்குக் கீழே அனுப்பிவைத்தார்.

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. கரையேறிய பின் அது மூச்சு வழியே முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரமான இடத்துக்குப் போனால், கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்குகிறது. தண்டுவடத்தைத் தாக்கினால் கைகால் செயலிழப்புவரை போகலாம். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது இதனால்தான். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையானது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சமவெளிக்காரருக்கு விமானம் எப்படியோ, அப்படித்தான் நமக்கு வீடு திரும்பும் சாலை.

இதை ஏற்பாட்டாளர் அறியாதவர் அல்லர். மூழ்குபவர் நிரப்ப வேண்டிய படிவத்தில், அடுத்து உயரமான இடத்துக்குப் போகிறீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அவருடைய ஆளே குறியிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார். ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, "பிளேன்லதான் சார் போகக்கூடாது, நாம வேன்லதானே வந்தோம்" என்றார். பிறகு, கடலுக்குள் எதுவும் நடக்காததால் பொறுப்பில்லை என்று பணத்தைத் திருப்பித்தரவும் மறுத்துவிட்டார். ஓர் இரவுத் தங்கும் செலவை மிச்சப்படுத்த மனிதன் உடம்பைப் பணயம் வைப்பதை வேறு எப்படிச் சொல்வது?

இப்படிப்பட்ட பயணத்துக்கு முன்பணம் கட்டுமுன், கடைசி மூழ்கலுக்கும் மலையேற்றத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 18 மணி நேரத்துக்குக் குறைந்தால் கடலோரத்திலேயே தங்கவைக்கச் சொல்லுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். மூழ்கிய 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலி, மரமரப்பு, தலைச்சுற்றல், தோலில் திட்டுகள் எதைக் கண்டாலும் மலையேறாமல் மருத்துவரிடம் போய், மூழ்கிய நேரத்தையும் ஆழத்தையும் முதலில் சொல்லுங்கள். நாங்கள் ரசீதையும் படிவத்தின் நகலையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் அதைப் பதிவுசெய்யலாம்.