வால்பாறைச் சாலையில் ஏழு ஆண்டுகள்: மான் விசிலும் மஞ்சள் விளக்கும்

என் மோட்டார் சைக்கிளின் முன்புறம், மானை விரட்டும் என்று சொல்லி விற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, மான் விசில் வேலை செய்கிறதா?" செய்யவில்லை. வாங்க நினைத்திருப்பவர்கள் அந்தப் பணத்துக்கு நல்ல பிரேக் கட்டை வாங்கிப் போடலாம்.

எனக்கு இன்வெர்ட்டர், பேட்டரி பழுது பார்க்கும் வேலை. வால்பாறையிலிருந்து முடீஸ், உருளிக்கல், சோலையாறு அணை, கேரள எல்லை தாண்டி மளுக்கப்பாறை என்று வாரத்தில் ஆறு நாள் தேயிலைக் காட்டுக்குள்தான் ஓட்டம். சரக்கு எடுக்க மாதம் இரண்டு முறை பொள்ளாச்சி. மின்சாரம் போன பிறகுதான் எங்களை அழைப்பார்கள் என்பதால், திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும்.

விசில் கட்டைவிரல் அளவுதான். ஜோடியாக விற்கிறார்கள். வண்டி சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காற்று அதற்குள் புகுந்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும்பும், மான் ஓடிவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் ஐம்பதைத் தொடுவது எங்கே? முதல் எட்டு மாதம் அது என்னோடு இலவசமாகச் சவாரி செய்தது. பொள்ளாச்சி நேர்ச்சாலையில் ஒரு நாள் வேண்டுமென்றே வேகம் பிடித்துப் பார்த்தேன். தெருநாய் ஒன்று வழக்கத்தைவிட ஆர்வமாகத் துரத்தியது, அவ்வளவுதான். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டியிலிருந்து பல அதிர்வெண்களில் ஒலி எழுப்பி மான்களைக் கவனித்திருக்கிறார்கள். மோதலைத் தவிர்க்கும்படியாக மான்கள் நடந்துகொள்ளவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். அது அமெரிக்க மான். நம் கடமானுக்கு மட்டும் அந்த விசில் புரிந்துவிடுமா என்ன? ஒலி கேட்டதாகவே வைத்துக்கொள்வோம். புதிய சத்தம் கேட்ட மான் தலையைத் தூக்கி, காதை நிமிர்த்தி, அசையாமல் நிற்கும். சாலை நடுவில் அது அப்படி நிற்பதுதான் எனக்கு வேண்டாத காரியம்.

விசில் வாங்கியதற்குக் காரணம் 2018 நவம்பரில் விழுந்த விழுகை. கவர்க்கல் பக்கம், மாலை ஆறே முக்கால், தூறல். பழைய வண்டி, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். கடமான் ஒன்று மேட்டிலிருந்து இறங்கி நிதானமாகச் சாலையைக் கடந்தது. நான் வேகத்தைக் குறைத்திருந்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது போய்விட்டது என்று மனம் இளகி ஆக்சிலரேட்டரை முறுக்கிய அந்த நொடியில், அதே தடத்தில் இரண்டாவது கடமான் இறங்கியது. பின் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சரிந்தது. மானுக்கு ஒன்றுமில்லை, எனக்குக் காறை எலும்பு போனது. முதல் மானை வழியனுப்பிவிட்டுக் கிளம்பும் புத்திதான் என்னை விழவைத்தது. இப்போது ஒன்று கடந்தால், அது இறங்கிய மேட்டைத்தான் பார்க்கிறேன். பின்னால் இன்னொன்று இருக்கலாம், குட்டி இருக்கலாம், செந்நாய்களும் இருக்கலாம். மான் பதறிக் குதித்து வந்தால் பெரும்பாலும் ஏதோ விரட்டிக்கொண்டுதான் வருகிறது.

அடுத்த ஆண்டு வண்டியை மாற்றினேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, கட்டாயம் என்று ஆகியிருந்தது. என்னுடையதில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். பின் சக்கரம் இன்றும் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆனாலும் இந்த ஏழு ஆண்டில் செலவழித்த பணத்தில் வீண் போகாதது இதுதான். மூன்று முறை, அதில் ஒரு முறை குட்டிகளோடு வரிசையாக வந்த காட்டுப்பன்றிக் கூட்டத்தின் முன்னால், முன் பிரேக்கை முழுக்க அழுத்தியும் வண்டி நேராகவே நின்றது. எஸ்டேட் உள்சாலையின் ஜல்லியிலும் பாசியிலும் மட்டும் அதை நம்பிவிடக் கூடாது. அங்கே நிற்க நேரமாகும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினொரு மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குப் பிறகுதான் பிரேக்கின் வேலையே தொடங்கும். மூடுபனியில் எனக்குத் தெரியும் சாலையே சில நாட்களில் பத்து மீட்டர்தான். அப்படிப்பட்ட இரவில் நாற்பதில் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போகிறான் என்றுதான் அர்த்தம். நான் இருபதில் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கட்டும்.

விளக்கில் என் பணம் இரண்டு முறை போனது. முதலில் பளீரென்ற வெள்ளை எல்இடி ஜோடி. பனிக்குள் போட்டதும் எதிரே வெள்ளைத் திரை கட்டியது போல ஆகிவிட்டது. கழற்றிவிட்டு, மஞ்சள் விளக்குகளைக் கீழே, முன் சக்கரத்தின் மட்கார்டு உயரத்தில், சாலை ஓரத்தைப் பார்க்கும்படி பொருத்தினேன். காட்டுமாட்டைக் கண்டுகொள்ள இது அபாரம். கறுத்த உடம்பு இருட்டோடு இருட்டாகிவிடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். நான்கு வெள்ளைக் குச்சிகள் தாமாக நடப்பது போல் இருக்கும். மானின் கண் தூரத்திலேயே மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். யானைக்கு இவை எதுவும் பொருந்தாது. என் விளக்கு இதுவரை ஒரு யானையையும் முன்கூட்டிக் காட்டியதில்லை. சாலை வளைவில் இருட்டு கொஞ்சம் தடித்துத் தெரியும், முறிந்த கிளை வாசம் வரும், அதற்குள் மிக நெருங்கியிருப்போம்.

அந்தக் குறையைத் தீர்ப்பது வண்டியில் பூட்டும் கருவி அல்ல. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்படுத்திய யானை எச்சரிக்கை ஏற்பாடு 2011 முதல் இருக்கிறது. யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று கைபேசிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி வரும். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் கட்டியிருக்கிறார்கள். அருகில் யானை வந்தால் ஊர்க்காரர்களே கைபேசியில் அழைத்து விளக்கை எரியவைப்பார்கள். இங்கே யானையால் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை, யானை இருப்பது தெரியாமல் எதிரே போய் நின்றதால் வந்தவைதான். வேலை முடிந்ததும் நான் முதலில் செய்தியைப் பார்ப்பேன், அப்புறம்தான் பெட்டியைக் கட்டுவேன். சிவப்பு எரிந்தால் பக்கத்து டீக்கடை. ஒரு முறை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன், கடைக்காரர் பஜ்ஜி மாவையே தீர்த்துவிட்டார்.

சத்தமான சைலன்சர் போட்டால் விலங்கு ஒதுங்கும் என்று சில தம்பிகள் வாதிடுகிறார்கள். ஒரு பக்கம் மண் திட்டு, மறு பக்கம் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எங்கே ஒதுங்கும்? அரண்டுபோன காட்டுமாடு சாலையிலேயே ஓடும், சில நேரம் நம்மை நோக்கி. நான் மஞ்சள் விளக்கையும் அணைத்துவிட்டு, தாழ்ந்த ஒளியில் தள்ளியே நிற்கிறேன். அது போகும்போது போகட்டும்.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் டைகர் வேலி என்ற இடத்தின் அருகே யானை நின்றதால் வண்டிகள் காத்திருந்தபோது, எச்சரிக்கையை மீறி மோட்டார் சைக்கிளில் கடக்க முயன்ற ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டேன். யானை என்று தெரிந்ததும் முதலில் வண்டியை வந்த திசைக்குத் திருப்பி நிறுத்துகிறேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்ப்பது அதற்கப்புறம்தான். குறுகிய சாலையில் வண்டியைத் திருப்ப மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும், யானை அதுவரை பொறுக்காது.

சின்ன விஷயங்கள் சில. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருந்தாலும், அவை தரையிலும் இறங்குகின்றன. ஒன்பதாவது வளைவில் வரையாடு சாது. அதைப் படம் பிடிக்கத் திடீரென நிற்கும் கார்தான் ஆபத்து. மளுக்கப்பாறை சோதனைச் சாவடியில் மாலையானால் வாழச்சால் பக்கம் இருசக்கர வண்டியை விடமாட்டார்கள். "சேட்டா, ஆன உண்டு" என்று ஒருவர் தடுத்தபோது ஆரம்பத்தில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அவருக்கே ஒரு டீ சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

விசில் ஜோடியில் ஒன்று மழையில் எங்கோ விழுந்துவிட்டது. மற்றதை என் மகள் ஒரு நாள் பிய்த்தெடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். அவளுக்கும் சத்தம் வரவில்லை. பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டாள். மஞ்சள் விளக்கின் சுவிட்சுக்குள் மட்டும் தண்ணீர் இறங்குகிறது, ஜூன் மழைக்கு முன் மாற்ற வேண்டும்.