கடையின் போன் எண்ணைக் கேட்பவர்களுக்கு: பந்தயத் தட (டிராக்) ஆசையில் வாரன்ட்டியை இழந்த கதை

என் காரின் எஞ்சினை மாற்றியமைத்து வேகம் கூட்டிக் கொடுத்தது ஒரு மதுரைக் கடை. இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் அந்தக் கடையின் போன் எண்ணைக் கேட்டுவிட்டார்கள். இருவர் எங்கள் கீழக்கரைப் பிள்ளைகள், ஒருவர் உச்சிப்புளிக்காரர். என் வண்டியின் சத்தத்தில் மயங்கியவர்கள். அந்தச் சத்தம் எங்கே போய் நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. எண்ணைக் கொடுப்பதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். விவகாரம் சட்ட நோட்டீஸ் அளவில் இருப்பதால் கடையின் பெயர் இங்கே வராது.

துபாயில் வேலை பார்த்த நாட்களில் அங்குள்ள ஆட்டோட்ரோம் பந்தயத் தடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததில் தொற்றிய பைத்தியம் இது. ஊர் திரும்பியதும் 2022இல் ஒரு 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். கியரைத் தானே மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், நான்கு ஆண்டு வாரன்ட்டி. நம் கடற்கரையில் வேகமாக ஓட்ட இடம் கிடையாது. அரிச்சல்முனைச் சாலை நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் போகிறது. ஆனால் காற்று மணலை அள்ளித் தாரின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும், எதிரில் சுற்றுலாக் குடும்பங்கள் நடந்து வரும். அங்கே வேகம் காட்டுகிறவனைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போவேன். சுற்று ஒன்றுக்கு 2.1 கிலோமீட்டர். இரண்டு முறை வண்டியை எந்த மாற்றமும் இல்லாமல் ஓட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது முறைக்கு முன்னால், 2025 ஜனவரியில், அந்தக் கடைக்குப் போனேன். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுத 38,000 ரூபாய். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட 32,000. டிராக்குக்கு உகந்த பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து 21,500. கம்பெனி கொடுத்த 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றித் தள்ளும் விசை, 320 ஆகும் என்றார்கள்.

வாரன்ட்டி என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். "பயமே வேண்டாம் அண்ணே. நாம் மாட்டிய பொருளால்தான் பழுது வந்தது என்று கம்பெனிக்காரன் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காமல் மறுக்க முடியாது, சட்டமே இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது இங்கே வாருங்கள், 20 நிமிடத்தில் பழைய மென்பொருளை ஏற்றித் தருகிறேன். ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது" என்றார் உரிமையாளர்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னேன். முப்பது ஆண்டு மீன் வியாபாரம் செய்தவர், காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "வள்ளத்தில் லாரி எஞ்சினைத் தூக்கி வைத்தால் பறக்கத்தான் செய்யும். பலகை தாங்குமா, தண்டு தாங்குமா என்று கேட்டாயா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிரேக்கில்தான் முதல் அடி விழுந்தது. செட்டிப்பாளையத்தில் நான்காவது சுற்றில் பெடல் பஞ்சுபோல் ஆகி உள்ளே போய்விட்டது. நல்லவேளை, வளைவுக்கு வெளியே மண்தரை இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் ஆயிலை வடித்துக் காட்டினார். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், இது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. மாற்றியதாகக் காசு வாங்கிக்கொண்டு தொடவே இல்லை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. நீர் ஏறிய ஆயிலுக்கு அதே வரையறை 155 டிகிரிதான். பேடின் சூட்டில் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்துவிட்டால் நீங்கள் மிதிப்பது வெறும் ஆவியைத்தான். போனில் கேட்டபோது "பையன் மறந்திருப்பான் அண்ணே" என்றார் கடைக்காரர். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உம்மாவையும் ராத்தாவின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போய்த் திரும்பினோம். பாம்பன் சாலைப் பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நின்று நின்று நகர்ந்தேன். முதலில் கருகிய வாடை. பிறகு திரையில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை. அதன்பின் எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி நகரவில்லை. பாலத்தின் நடுவில், உப்புக்காற்றில், பின்னால் நிற்கும் பேருந்துகளின் ஹாரன் ஒலியில், உம்மா எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

கடைக்காரரை அழைத்தேன். "கம்பெனிக்கு நேராகப் போய்விடாதீர்கள், முதலில் இங்கே கொண்டுவாருங்கள்" என்றார். ரெக்கவரி வண்டியில் மதுரைவரை இழுத்துப் போனேன். பழைய மென்பொருளை ஏற்றினார், அதற்குத் தனியாக 5,000. மறுநாள் சர்வீஸ் சென்டர்.

அவர்கள் கருவியைச் செருகி அரை மணி நேரத்தில் இரண்டு தாள்களை என் முன் வைத்தார்கள். எஞ்சின் கணினியில் எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்று ஓர் எண்ணிக்கை பதிவாகியிருந்தது. கம்பெனி ஏற்றியது ஒருமுறை, கணினி காட்டியதோ மூன்று. கடைக்காரர் ஏற்றியது ஒன்று, அழித்ததாகச் சொன்னது இன்னொன்று. தடயத்தை மறைக்க நான் கொடுத்த 5,000 ரூபாய்தான் மூன்றாவது தடயமாகிவிட்டது. கியர்பாக்ஸின் கணினி தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது: கிளட்ச் அளவுக்கு மேல் சூடான தருணங்கள் 14. அதில் யாரும் கைவைக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே கடைக்காரருக்குத் தெரியாது போலும். வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் நேர்க்குழாயும் பல்லைக் காட்டியது.

கிளட்சுக்கு 1,42,000 ரூபாய், வாரன்ட்டி கிடையாது. கன்வெர்ட்டர் இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவதே தவறு, பழையதைக் கொண்டுவந்து மாட்டுங்கள் என்றார்கள். மதுரைக்கு ஓடினேன். "பழைய இரும்புதானே அண்ணே, எடைக்குப் போட்டுவிட்டோம்" என்று பதில். அந்த இரும்புக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. யாரும் அதை இரும்பு விலைக்கு விற்பதில்லை. புதியதற்கு எனக்கு ஆனது 96,000. கழற்றிய பொருள் உங்களுடையது, அன்றைக்கே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என் பணத்தில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

அந்தச் 'சட்டம்' என்னவென்று பிறகு தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவில். மேக்னஸன் மாஸ் வாரன்ட்டி சட்டம், 1975. இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நம் ஊர் ஆட்கள் அதை இங்கே விற்கிறார்கள். அந்தச் சட்டமே வந்தாலும் நான் தோற்றிருப்பேன்: முறுக்குவிசையைக் கூட்டினேன், கிளட்ச் எரிந்தது. இதற்குமேல் என்ன தொடர்பு வேண்டும்? இங்கே வாரன்ட்டி என்பது கம்பெனி கையேட்டில் உள்ள ஒப்பந்தம். என் கையேட்டில் பந்தயப் பயன்பாடும் கம்பெனி அனுமதிக்காத மாற்றங்களும் விலக்கு என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக டாஷ்போர்டு அறைக்குள்தான் கிடந்தது. காப்பீட்டுப் பத்திரத்திலும் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்ற வரி உண்டு, எடுத்துப் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்கீழ் தனி வம்பு.

சர்வீஸ் சென்டரும் யோக்கியமாக நடந்துகொண்டது என்று சொல்லமாட்டேன். இடப்பக்கப் பின் கதவுக் கண்ணாடியின் மோட்டார் இறந்துபோனதற்கும் "வாரன்ட்டி ரத்து" என்றார்கள். எஞ்சின் மென்பொருளுக்கும் கண்ணாடி ஏறி இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது சார்" என்றார் ஆலோசகர். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பத்து நாளில் மோட்டாரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். வாயால் சொல்லும் மறுப்பை ஏற்காதீர்கள், எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

மதுரைக் கடைமீது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். என் பலவீனம் ரசீது. கடையின் பெயரில்லாத ஒரு எஸ்டிமேட் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் கூடும் என்றதும் நான்தான் "வேண்டாம்" என்றேன். மிஞ்சியிருப்பது போனில் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளும்தான். "ஈ எறும்பு" வசனம் அதில் அப்படியே இருக்கிறது, அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவரே அழைத்தார். நோட்டீஸைத் திரும்பப் பெற்றால் அடுத்த கட்ட மென்பொருளை இலவசமாக ஏற்றித் தருகிறாராம். முறுக்குவிசை 360 வருமாம்.