40 இன்சுலின் கேட்டதற்கு 100 கொடுத்த மருந்துக்கடை

உங்கள் வீட்டில் யாராவது பாட்டிலில் இருந்து சிரிஞ்சால் இன்சுலின் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்களா? தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன மாதம் என் அம்மாவுக்கு நடந்தது.

அம்மாவுக்கு 66 வயது. சுகர் வந்து பதினெட்டு வருடம், அதில் ஆறு வருடமாக இன்சுலின். காலையில் 24 யூனிட், ராத்திரி 14 யூனிட். கலங்கலாக இருக்குமே, இரண்டு வகை இன்சுலின் கலந்த அந்த 30/70 மருந்து. பாட்டிலை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருப்பார். எடுத்து உள்ளங்கைக்கு நடுவே உருட்டி, ட்யூப் லைட்டுக்கு நேரே சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக் கோடு பார்த்து, தானே போட்டுக்கொள்வார். எங்களை யாரையும் தொட விட்டதில்லை.

அன்றைக்கு பாட்டில் தீர்ந்துவிட்டது. நான்தான் கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டில் 40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட்) என்று தெளிவாக இருந்தது. கவுண்டரில் நின்ற பையன் தேடிப் பார்த்துவிட்டு, "அது ஸ்டாக் இல்லண்ணே. இது அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஏன் என்று கேட்டதற்கு "நல்ல கம்பெனிண்ணே" என்றான். சரி என்று வாங்கி வந்துவிட்டேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில் இருக்கும் பார்மசிஸ்ட் அப்போது கடையிலேயே இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சுகர் 172. வழக்கம்போல 14 கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

ஒன்றரை மணிக்கு அப்பா வந்து எழுப்பினார். "அம்மா என்னமோ உளறுறாடா." போய்த் தொட்டால், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க ரவிக்கை பிழியலாம் போல நனைந்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து, செத்துப்போன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விரலில் குத்திப் பார்த்தேன். 38. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். நல்லவேளை, கொடுத்ததை விழுங்க முடிந்தது. குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 52. மறுபடி கொடுத்தேன், 81. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்ப 49. அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கத் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே ட்ரிப் ஏற்றிக்கொண்டே, "ஊசி போட்டுட்டு சாப்பிடலையாம்மா? கோடு பாத்துப் போடக் கூடாதா?" என்றார் நர்ஸ். அம்மா கண்ணில் தண்ணீர் விட்டுவிட்டார். "என் கண்ணுதான் போயிடுச்சு. கோட்டைத் தப்பாப் பாத்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றைக்கு வரை எனக்கு ஆறாதது அந்த வார்த்தைதான்.

டியூட்டி டாக்டர் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாட்டிலில் பொடி எழுத்தில் 100 ஐ.யூ./மி.லி., அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். சிரிஞ்ச், சிவப்பு மூடி போட்ட 40. அம்மா எடுத்தது சரியாக 14-வது கோடுதான். ஆனால் அந்தக் கோட்டில் 0.35 மி.லி. மருந்து வரும். 40 பாட்டிலாக இருந்தால் அது 14 யூனிட். 100 பாட்டிலில் 35 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி கண்டுபிடிக்காமல் காலையில் 24-ம் போட்டிருந்தால் 60 யூனிட் உள்ளே போயிருக்கும்.

நம் நாட்டில் இந்த இரண்டு அளவிலும் பாட்டில் விற்கிறார்கள். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். நாங்களே ஆறு வருடமாக சிவப்பு மூடியைத்தான் வாங்குகிறோம், அது எதற்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. மாற்றிப் போட்டாலும் ஆபத்துதான். 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 24 கோடு எடுத்தால் உடம்புக்குப் போவது 10 யூனிட்கூட இல்லை. சுகர் ஏறிக்கொண்டே போகும், மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அப்புறம் ஒருநாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டும் இன்சுலின்தானே சார். சிரிஞ்சை நீங்கதான் மாத்தியிருக்கணும்" என்றார். ஒரு மன்னிப்பு இல்லை. சீட்டில் எழுதியதை மாற்றிக் கொடுக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஸ்டாக் இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த தெருக் கடையில் வாங்கியிருப்பேன். பில் கையில் இருக்கிறது, பேட்ச் எண்ணோடு. மிச்ச மருந்தோடு பாட்டிலும் இருக்கிறது. இரண்டையும் படம் எடுத்து, சீட்டின் நகலோடு மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைக்கே உங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நீங்களாகக் கணக்குப் போட்டுக் குறைத்துப் போட வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி வியர்வையும் உளறலும் வந்தால் உடனே சுகர் பாருங்கள். நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். பழைய 40 பாட்டில்தான், அதே 24, அதே 14. ஆனால் மருந்தை இழுத்ததும் பாட்டிலையும் சிரிஞ்சையும் என்னிடம் நீட்டி, "சரியாப் பாத்துச் சொல்லுடா" என்கிறார். நான் சரி என்று சொன்ன பிறகுதான் போட்டுக்கொள்கிறார்.