மலையக ஈரத்துக்கு எந்த வயர்? மஞ்சள்-வெள்ளை-சிவப்பா, எச்.டி.எம்.ஐ-யா?

ஹட்டனில் 32 அங்குல டிவி ஒன்று வாங்கி வந்த அன்று, டிஷ் பெட்டியோடு ஏற்கெனவே கிடந்த மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரையே அப்பா சொருகிவிட்டார். படம் வந்தது, அவருக்கு அது போதும். எனக்கு உறுத்தியது செய்தியில் கீழே ஓடும் எழுத்துதான். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலக் கலங்கித் தெரிந்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எச்.டி.எம்.ஐ வயர் வாங்கி மாற்றினேன். சுழியை எண்ணலாம் போல எழுத்து தெளிந்துவிட்டது.

காரணம் எளியது. மஞ்சள் வயருக்குள் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன, அதுவும் 576 வரிகள்தான். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு மட்டும். எச்.டி.எம்.ஐ-யில் படமும் ஒலியும் டிஜிட்டலாகவே ஒரே வயரில் போய்விடும். பச்சை, நீலம், சிவப்பு முனைகள் உள்ள கம்போனன்ட் வயரிலும் படம் நன்றாகவே வரும். ஆனால் புது டிவிகளில் அதற்கான துளை அருகிவிட்டதால் அதை விட்டுவிடலாம்.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய விஷயம் ஈரம். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், துணி மூன்று நாளானாலும் காயாது. அந்தப் பழைய வயரை உருவிப் பார்த்தேன். மஞ்சள் முனையின் உட்புறம் முழுக்கப் பச்சைக் களிம்பு. துணியால் அழுத்தித் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. இந்த வகை வயரில் களிம்பு ஏற ஏறப் படம் கொஞ்சங்கொஞ்சமாக மங்கும், ஒலியில் உறுமல் கேட்கும். நமக்கோ கண் பழகிவிடும், டிவிதான் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எச்.டி.எம்.ஐ அப்படி ஏமாற்றாது. தொடுப்பு கெட்டால் திரையில் புள்ளி பொரியும், இல்லாவிட்டால் ஒரேயடியாகக் கறுத்துவிடும். கழற்றித் துடைத்துச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தங்க முலாம் பூசிய முனையால் படம் இன்னும் பளிச்சென்று வரும் என்று கடையில் சொல்வார்கள். படத்துக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் தங்கத்தில் களிம்பு ஏறாது. அந்த ஒன்றுக்காகவே மலையில் இருப்பவர்கள் அதை எடுக்கலாம்.

32 அங்குலத்துக்குச் சாதாரண ‘ஹைஸ்பீட்’ வகை எச்.டி.எம்.ஐ வயரே தாராளம். நொடிக்கு 60 படம் ஓடும் 4கே டிவி என்றால் நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் ‘பிரீமியம் ஹைஸ்பீட்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் போட்டிருப்பது ஒன்றரை மீட்டர்தான். நீளமான வயரைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

எச்.டி.எம்.ஐ-க்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் துளை மென்மையானது. தடித்த வயர் தொங்கி இழுத்தால் ஆட்டம் கண்டுவிடும், பிறகு போர்டில் கைவைக்க வேண்டிவரும். வயரின் பாரத்தைச் சுவரில் ஒரு கிளிப் அடித்துத் தாங்கவிடுங்கள். மின்னலும் டிஷ் வயர் வழியாகப் பெட்டிக்குள் வந்து, எச்.டி.எம்.ஐ வழியே டிவி வரை போகக்கூடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுக்கத் தொடங்கினாலே, இடி கேட்கும்வரை காத்திராமல் அப்பா பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுகிறார்.