சிங்கிள்ஃபைல்: கோப்புறை இல்லாமல் ஒரு முழுப் பக்கம்

இணையம் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும் ஒரு பள்ளிக்குப் பாடப் பக்கங்களைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். உலாவியில் முழுப் பக்கத்தையும் சேமித்தால், எச்டிஎம்எல் கோப்பு ஒன்றும் படங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றும் தனித்தனியே வருவதால், நகலெடுக்கும்போது கோப்புறை விடுபட்டு, படமே இல்லாத தாவரவியல் பாடத்தைப் பிள்ளைகள் முன் திறந்து வைத்து வருந்தியிருக்கிறேன். பக்கத்தையும் படங்களையும் ஒன்றாகக் கட்டி குரோம் தரும் எம்எச்டிஎம்எல் கோப்பில் இந்தச் சிக்கல் இல்லையென்றாலும், ஃபயர்பாக்ஸ் அதைத் திறப்பதில்லை.

சிங்கிள்ஃபைல் என்னும் கட்டற்ற நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) அந்தக் கவலையைத் தீர்த்தது. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவற்றில் இலவசமாக நிறுவலாம். ஒருமுறை சொடுக்கினால் படங்களையும் எழுத்துருக்களையும் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றி, பக்கத்துக்குள்ளேயே பதித்து, எந்த உலாவியிலும் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தருகிறது. இந்த மாற்றத்தால் படங்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. பக்கத்தின் தமிழ் எழுத்துருவும் கூடவே வருவதால், பள்ளியின் பழைய கணினியிலும் எழுத்துகள் கட்டங்களாகச் சிதைவதில்லை.

இயல்பு அமைப்பிலேயே, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை நீக்கிவிடுவதையும், வெளித் தளங்களிலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்று உலாவிக்கு ஆணையிடும் வரியைக் கோப்பில் சேர்ப்பதையும் நான் மிகவும் மதிக்கிறேன். பெறுபவர் கோப்பைத் திறக்கும்போது கண்காணிப்பு நிரல் எதுவும் ஓடாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: 'விடையைக் காண்க' என்று சொடுக்கித் திறக்கும் வினாக்கள் அதன்பின் திறக்கா. மறைந்திருக்கும் பகுதிகளையும் இந்த நீட்சி வழக்கமாகக் களைந்துவிடும் என்பதால், சேமிக்கும் முன்பே அவற்றையெல்லாம் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறருக்குக் கொடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்புக்குள் தொடக்கத்திலேயே பக்கத்தின் முகவரியும் சேமித்த நேரமும் பதிவாகின்றன. கணக்கில் நுழைந்த நிலையில் சேமித்தால், திரையின் ஓரத்தில் தெரியும் நம் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்தே போகும். இந்த நீட்சியிலேயே உள்ள திருத்தும் வசதியைக் கொண்டு அப்பகுதிகளை அழித்துவிட்டு, கோப்பை நோட்பேடில் திறந்து என் பெயரையும் மின்னஞ்சலையும் தேடிப் பார்க்கிறேன். இரண்டும் எங்கும் அகப்படாத பிறகே கோப்பு பென் டிரைவுக்குப் போகிறது.