செத்துப்போன கேமை ஓடுகிற சரக்கு என்று விற்கிறார்கள், உஷார்

'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் கேமின் பெயரை அட்டையில் போட்ட பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை எந்தக் கடையிலாவது நீட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். விலை அடிமாட்டு விலையாக இருந்தாலும் வேண்டாம். அந்த கேமின் சர்வர்கள், அதாவது இணையம் வழியாக அதை இயக்கிவந்த நிறுவனத்தின் கணினிகள், 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டுவிட்டன. சர்வர் இல்லாமல் அது ஓடாது. கீறல் விழாத புத்தம்புது டிஸ்க்காக இருந்தாலும், இணையம் மின்னல் வேகத்தில் வந்தாலும், பெட்டி மட்டும்தான் மிச்சம். சென்னையில் ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கேம் டிஸ்க் விற்கும் கடைக்காரர் ஒருவர் இதை 1,200 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சரக்கின் பெயர் தெரிந்தால் போதும்.

அக்கா மகனுக்கு ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கிக் கொடுத்திருந்தேன். அவன் கேட்டது ஃபோர்ஸா ஹொரைசன். ஊர் முழுக்க நம் இஷ்டத்துக்குக் கார் ஓட்டித் திரியலாம், பந்தயத்துக்கு யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. கடைக்காரர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உண்மை சொன்னார்: "அது இந்த மெஷினுக்கு வராது சார்." அடுத்த நொடியே அலமாரியிலிருந்து இந்தப் பெட்டி இறங்கியது. "அதே மாதிரிதான் சார், அதைவிடப் பெரியது. நியூயார்க்கில் வண்டியை எடுத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் வரை போகலாம். பையன்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்." இணையம் இல்லாமல் ஓடுமா என்று தெளிவாகவே கேட்டேன். அக்கா வீட்டில் இணைப்பு அவ்வப்போது போய்விடும். "டிஸ்க் இருக்கும்போது நெட் எதற்கு சார்?" என்று சிரித்தார். பில் கேட்டதற்கு, செகண்ட் ஹேண்ட் சரக்குக்குப் பில் போடுவதில்லை என்றார். பணத்தை யுபிஐயில் அனுப்பினேன். இப்போது கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.

வீட்டில் டிஸ்க்கைப் போட்டதும் ஒழுங்காகவே இன்ஸ்டால் ஆனது. பெயர்ப் பலகை வந்தது, இசை வந்தது. பையன் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டனை அழுத்தியதும் சர்வரைத் தேடத் தொடங்கியது. தேடித் தேடி, இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி பெயர்ப் பலகைக்கே வந்து நின்றது. "மாமா, நம் நெட்தான் சரியில்லை போலிருக்கிறது" என்று மோடத்தை அணைத்துப் போட்டான், என் கைபேசியிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியைத் திருப்பி, பின்னட்டையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் மெல்லச் சுரண்டினான். மஞ்சள் நிறத்தில் கட்டைவிரல் அகலச் சீட்டு. அட்டையில் அத்தனை வெற்றிடம் இருக்க, அந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருந்த இடம், இந்த கேமுக்கு எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்த வரியின் மேல். பசை பட்டு எழுத்து கொஞ்சம் உரிந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. தெரியாமல் விற்றுவிட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சீட்டு உரியும் வரை.

கேமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது மோசமான கேம் இல்லை. யுபிசாஃப்ட் வெளியிட்டது, பிரான்ஸில் லியோன் நகரத்து ஐவரி டவர் குழு உருவாக்கியது, 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் நிலப்பரப்பையே சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். டெட்ராய்ட்டில் தொடங்கும் கதை. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை இடையில் எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். அந்த அளவில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. சிக்கல் எங்கே என்றால், நாம் தனியாக ஓட்டினாலும் அது சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி கட்டப்பட்டிருந்தது. எந்தக் கார் வாங்கினோம், எதுவரை முன்னேறினோம் என்ற கணக்கெல்லாம் நம் மெஷினில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். சர்வர் பராமரிப்பும் உரிமச் சிக்கல்களும் காரணம் என்றார்கள். அடுத்த மார்ச்சோடு சர்வரும் போயிற்று. அதற்கடுத்த மாதம், கணினியில் வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் சேர்ந்து அதற்கு உயிர்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது கணினிப் பதிப்புக்கு மட்டும். பிளேஸ்டேஷன் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ரயிலே நிறுத்தப்பட்ட தடத்துக்குப் பயணச்சீட்டு விற்பது போன்ற வியாபாரம் இது. நிறுத்தியவர்கள் தேதி சொல்லி அறிவித்துவிட்டார்கள். சீட்டு விற்பவர்தான் அறிவிப்பின் மேல் மஞ்சள் காகிதம் ஒட்டுகிறார்.

திரும்பக் கடைக்குப் போனபோது நடந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதே வரிசையில்தான் பேசுவார்கள். முதலில், "அப்டேட் போட்டீர்களா?" அடுத்தது, "உங்கள் நெட்டில்தான் கோளாறு." உங்கள் கடையிலேயே போட்டுக் காட்டுங்கள் என்றால், அந்த மெஷினில் ஒரு பையன் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறான், நேரமாகும். காத்திருக்கிறேன் என்றால், "சீல் பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்." பழைய டிஸ்க்குக்கு ஏது சீல்? அவரே பாலித்தீன் தாளைச் சூடுகாட்டிச் சுற்றி ஒட்டிய சீல்.

கடைசியாக, பெருந்தன்மை. இன்னும் 500 ரூபாய் கொடுத்தால் அதே வரிசையில் பின்னால் வந்த 'தி க்ரூ மோட்டர்ஃபெஸ்ட்' கேமை "அக்கவுன்ட்டோடு" போட்டுத் தருவதாகச் சொன்னார். இது இரண்டாவது பொறி. அவரே ஒரு பிளேஸ்டேஷன் கணக்கைத் திறந்து, அதில் ஒரு முறை கேமை வாங்கி, அந்தக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் பலருக்கு விற்பார். உங்கள் மெஷினை அந்தக் கணக்கின் முதன்மை மெஷினாகப் பதிந்து கொடுப்பார், உங்கள் பெயரிலேயே ஆடலாம். இன்னொருவருக்கு விற்று அவருடைய மெஷினை முதன்மையாக மாற்றிய நாளில், உங்கள் திரையில் கேமின் படத்தின் மேல் பூட்டு விழும். கணக்கு உங்களுடையது இல்லை, ஆகவே பிளேஸ்டேஷன் நிறுவனத்திடம் முறையிடவும் முடியாது. இப்படிக் கணக்கு விற்பது அவர்கள் விதிக்கே புறம்பானது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அப்படியானால் இந்த வகையில் புதிதாக வரும் கேம்கள் ஆடத் தகுந்தவையா? ஆடத் தகுந்தவைதான். காரின் பளபளப்பு, ஊரின் அழகு, சாலைகளின் நீளம் எல்லாவற்றையும் விளம்பரமே சொல்லிவிடுகிறது. நாம் கேட்க வேண்டியது சர்வர் இல்லாத நாளில் அது என்ன செய்யும் என்பதைத்தான். ஃபோர்ஸா ஹொரைசன் 5 மெக்சிகோவில் நடக்கிறது, 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் மெஷினுக்கும் கணினிக்கும் வந்தது, 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்தது. தனி ஆளாக ஊர் சுற்றும்போது சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் கொடுக்கிற காசுக்குத் தகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பிளேஸ்டேஷன் 5க்கு அது பதிவிறக்கமாகத்தான் வந்தது. டிஸ்க் என்று யாராவது நீட்டினால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

அதற்கு முந்தைய ஹொரைசன் 4, பிரிட்டனில் நடப்பது, கார், இசை உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பர் 15 முதல் விற்பனையில் இல்லை. ஆனாலும் வாங்கியவர்களுக்கு இன்னும் ஓடுகிறது, எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கும் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் தைரியமாக வாங்கலாம். விற்பனை நிற்பது வேறு, கேமே நிற்பது வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் குழப்பி, கிடைக்காத சரக்கு என்று செத்த சரக்குக்கு விலை ஏற்றுகிறார்கள்.

டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் சோலார் கிரவுன் என்ற கார் கேம் விஷயத்தில் என் கருத்து வேறு. ஹாங்காங் தீவைக் களமாக வைத்து 2024 செப்டம்பரில் வந்தது. தனியாக ஓட்டினாலும் சர்வர் இணைப்பு வேண்டும். வெளியான புதிதிலேயே சர்வர் தடுமாறி, காசு கொடுத்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். பெரிய தள்ளுபடி வந்தாலொழிய நான் தொட மாட்டேன். தி க்ரூ 2க்கு மட்டும் நல்ல காலம்: முதல் பாகத்தை மூடியதற்குக் கிளம்பிய எதிர்ப்பில், இணையமில்லாமல் ஆடும் வசதியை 2025இல் அப்டேட்டாகக் கொடுத்தார்கள். டிஸ்க் வாங்கினால் அந்த அப்டேட்டை இறக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த எதிர்ப்பைத் தொடங்கியவர் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற பெயரில் 2024 ஏப்ரலில் இயக்கமாகத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடுத்த குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், டிஜிட்டலாக விற்கும் கேமை நாம் "வாங்குவதில்லை", உரிமம் மட்டுமே பெறுகிறோம் என்று கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் ஊர்ச் சந்துக்கு இதெல்லாம் எட்ட நாளாகும். அதுவரை கடையில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். டிஸ்க்கை அவர்கள் மெஷினில் போடச் சொல்லி, மெஷினின் வைஃபையை அணைக்கச் சொல்லி, திரையில் கார் நகர்கிறதா என்று பாருங்கள். பெயர்ப் பலகையோடு நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா, ஓடுகிறது" என்பார்கள். கார் நகர வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். யுபிஐ பரிவர்த்தனை எண், பெட்டியின் படம், பாதி உரிந்த விலைச் சீட்டின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். புகார் போனபின் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். முழுப் பணம் வந்தால்தான் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் இதே பதிவின் கீழே எழுதுகிறேன். இதே மஞ்சள் சீட்டு ஒட்டிய பெட்டி உங்களிடமும் இருந்தால் சீட்டைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.