நோட்டில் எழுதுவதா, மூச்சோடு கவனிப்பதா?

குடியை விட்ட முதல் மாதங்களில் கவலைதான் மறுபடி கடைப்பக்கம் இழுக்கும். ஒரு வழி, தள்ளிப்போடுவது: மாலை 6 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கி, மாங்காய் மண்டிக் கடன், வீட்டில் இழந்த நம்பிக்கை என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மூடிவிடுவேன், பகலில் நினைப்பு வந்தால் 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்'. கடன் மாதிரி ஏதாவது செய்ய முடிகிற கவலைக்கு இது சரி.

ஆனால் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பழைய கூட்டாளியைப் பார்த்து நெஞ்சு படபடக்கும்போது நோட்டு எங்கே? அப்போது உளவியலாளர் ஆலன் மார்லட் சொன்ன முறைதான்: குடிக்கும் ஆசையை விரட்டாமல், உடம்பில் எங்கே இறுக்குகிறது என்று மூச்சோடு கவனிப்பது. அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். இதையே முதலில் பழகுங்கள். இரண்டும் கைகொடுக்காத ராத்திரியில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.